ஏழு மாதம் எங்கும் வசிக்காதவர்கள்

1

சீனப் பெருஞ்சுவரைப் பார்த்தாயா என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்கிறார்கள். பார்க்கவில்லை. நான் போன நகரத்திலிருந்து அது வெகுதூரம். பண்டாக் கரடி? செங்டு நகரம் பண்டாவுக்குத்தான் பேர்போனது, ஆனாலும் பார்க்கவில்லை. பிறகு என்னத்தைத்தான் பார்த்தாய் என்பவர்களுக்கு, ஒரு பூங்காவைப் பார்த்தேன் என்கிறேன். நீ இருக்கும் பலெர்மோ நகரத்தில் பூங்கா இல்லையா என்ற கேள்வியை அவர்கள் மரியாதைக்காக விழுங்குவது எனக்குக் கேட்கும். ஒருதடவை எழுதிவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லத் தேவையில்லை.

நான் செங்டுவில் போய் இறங்கியபோது என் மகள் ஆரணி ஐரோப்பாவை விட்டுப் போய் முந்நூற்று முப்பத்தோரு நாள் ஆகியிருந்தது. நாளை எண்ணியது என் மனைவி வசந்தி. போர்கோ வெக்கியோச் சந்தையில் மீன் விற்பவன் வருடந்தோறும் தரும் கலண்டரில், ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் ஓர் இலக்கம்.

இத்தாலியில் நிரந்தரமாக இருக்க அனுமதிக்கும் அட்டையை நாங்கள் கார்த்தா என்போம். அதை வைத்திருப்பவர் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தால் அந்த அட்டை செத்துவிடும். எங்கள் வீட்டில் நான்கு பேர். எனக்கும் வசந்திக்கும் மகன் கவினுக்கும் இத்தாலியக் குடியுரிமை உண்டு. ஆரணிக்கு மட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் இந்தக் கார்த்தாவும். பலெர்மோவில் சீனமொழி படித்து, ஒரு வருடப் புலமைப்பரிசிலில் போனவள், இன்னொரு வருடமும் இருக்கப்போகிறேன் என்றாள். இரு, ஆனால் ஒருதடவை வந்து இந்த மண்ணில் காலை வைத்துவிட்டுப் போ என்றேன்.

"கார்த்தா சாகட்டும் அப்பா," என்றாள் திரையில். "சின்னனிலையிருந்து அதுக்குப் பின்னாலை ஓடி ஓடிக் களைச்சுப்போனன். நான் இஞ்சை வேலை விசா எடுப்பன்."

"பிறகு எங்களைப் பாக்க என்னெண்டு வருவாய்?"

"ரூரிஸ்ட் விசாவிலை," என்றாள்.

வசந்தி கலண்டருக்கு முன்னால் நின்றபடி, முகம் திருப்பாமல் சொன்னாள்: "நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ. கேட்டா வாறாள். கேக்கிற மாதிரிக் கேக்கவேணும்."

2

சீனா இப்போது இத்தாலியக் கடவுச்சீட்டுக்கு விசா கேட்பதில்லை. கருஞ்சிவப்பு நிறப் புத்தகத்தை நீட்டினேன்; அதிகாரி என் முகத்தையும் படத்தையும் ஒருமுறை பார்த்தார்; போ என்று கை காட்டினார். மகள் இதே கதவால் நுழைவதற்குப் படம், கடிதம், மருத்துவச் சான்று, ரோமுக்கு இரண்டு பயணம் என்று நான்கு மாதம் அலைந்தவள். சீனம் ஒரு சொல்லும் தெரியாத நான் அரை நிமிடத்தில் உள்ளே நின்றேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு ஒரு காரணமும் இருந்தது.

பெற்றோருக்குக் குடியுரிமை கிடைக்கும் நாளில் பதினெட்டு நிரம்பாத பிள்ளைகளுக்கும் அது சேர்ந்து கிடைக்கும். நான் கொமூனேயில், அதாவது நகரசபையில், சத்தியப்பிரமாணம் செய்த நாளில் ஆரணிக்குப் பதினெட்டு வயதும் நான்கு மாதமும். கவினுக்கு ஒன்பது. அவன் அரைத்தூக்கத்தில் என் மடியில் இருந்தபடி இத்தாலியன் ஆனான். அவள் எங்களைக் கைபேசியில் படம் எடுத்தாள். தனியாக விண்ணப்பிக்கலாம் என்றார்கள், வருமானம் காட்டவேண்டும் என்றார்கள், அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

கோப்பு ரோமில் கிடந்து தாமதித்தது என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அது பொய்யில்லை. எல்லாருடைய கோப்பும் அப்படித்தான் கிடக்கும். ஆனால் அந்தக் கோப்பை நான் ஏன் அவ்வளவு பிந்திக் கொடுத்தேன் என்பதை அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பிழை ரோமில் இல்லை, என் கையில் இருந்தது. அதைச் சொல்லாமல் அவளைத் திரும்பிவா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் வருவாளா என்றும் தெரியவில்லை. பதினொரு மணிநேரம் விமானத்தில் இந்த இரண்டையும் மாறி மாறி மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

3

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆரணி பதினேழாவது மாடியில் இன்னொரு மாணவியோடு அறை எடுத்திருந்தாள். எனக்கு அருகிலேயே ஒரு சிறிய விடுதி. கீழே சந்து முழுக்க ஆவி. அடுக்கடுக்கான மூங்கில் தட்டுகளின் மூடியைத் திறக்கத் திறக்கச் சனம் மறைந்து மறைந்து தெரிந்தது. சோயாப் பாலும், எண்ணெயில் பொரித்த நீள மாவுத்துண்டும், பிறகு சிவப்பெண்ணெய் மிதக்கும் நூடில்ஸும் வாங்கித் தந்தாள். உறைப்பு எனக்குப் பயமில்லை. ஆனால் அங்கே ஒருவகை மிளகு இருக்கிறது. அது உறைக்காது, மரக்கவைக்கும். நான்காவது வாயில் உதடு என்னுடையதாக இல்லை. பல் பிடுங்கப் போனவன்போல் உதட்டைத் தடவிப் பார்த்தேன்.

"பயப்பிடாதைங்கோ, பத்து நிமிசத்திலை திரும்பி வரும்," என்று சிரித்தாள்.

கடைக்காரியோடு அவள் சீனத்தில் கதைத்தாள். என் மகளுக்கு இரண்டு குரல் உண்டு என்று நினைத்திருந்தேன். தாயோடு கதைக்கும் தமிழ்க் குரல் ஒன்று. பலெர்மோவின் வுச்சீரியாச் சந்தையில் கூட்டத்துக்கு மேலால் தோழிகளைக் கூப்பிடும் சிசிலியக் குரல் மற்றது. இது மூன்றாவது. கொஞ்சம் மெல்லியது, அவசரமில்லாதது. ஒருவருக்கும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத குரல். அந்தக் குரலைக் கேட்டபோது, இவளை எதற்காகக் கூட்டிப்போக வந்தேன் என்று ஒரு கணம் மறந்துபோனேன்.

மக்கள் பூங்கா என்று ஒரு பூங்கா. நகரம் முழுக்க அங்கேதான் வயதாகிறதுபோல இருந்தது. எழுபது வயதுப் பெண்கள் வரிசை வரிசையாக ஆடினார்கள். மரத்தில் குதிகாலைத் தூக்கிவைத்து ஒரு கிழவர் நெற்றி முழங்காலில் முட்டக் குனிந்தார். இன்னொருவர் தும்புத்தடி நீளத் தூரிகையை வாளித் தண்ணீரில் தோய்த்து, நடைபாதைக் கல்லில் எழுத்து எழுத்தாக எழுதிக்கொண்டு பின்னோக்கி நடந்தார். வரி முடிவதற்குள் முதல் எழுத்து காய்ந்தது. அவருக்கு அதில் துக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. நான்தான் பார்க்கமுடியாமல் திரும்பிக்கொண்டேன்.

மூங்கில் கதிரைகளில் இருந்து தேநீர் குடித்தோம். மூடியுள்ள கிண்ணம், மூடியால் இலையை ஒதுக்கிக் குடிக்கவேண்டும். இரும்பு இடுக்கியை ஒலிக்கவிட்டபடி காது குடைபவர்கள் மேசை மேசையாகப் போனார்கள். ஆரணி எல்லாவற்றையும் காட்டினாள், எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கேட்க வந்ததைக் கேட்கவில்லை.

4

பலெர்மோவில் நான் ஒரு சிஞ்ஞோராவை, அதாவது ஓர் இத்தாலிய அம்மாளைப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு எண்பத்தாறு வயது. மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லாத பழைய வீடு. தினமும் காலை பத்து மணிக்கு அவரை ஐம்பத்திரண்டு படி இறக்குவேன். ஒரு கை முழங்கைக்குக் கீழே; மறு கை இடுப்புக்குப் பின்னால், தொடாமல், தொடத் தயாராக. அவருக்கு முன்னால் வேறு இரண்டு பேர். அவர்களும் இந்தக் கையைப் பிடித்துத்தான் கடைசி வருடங்களை இறங்கினார்கள். பதினேழு வருடமாக இதுதான் என் வேலை.

ஆகவே பூங்காவின் குளத்துப் பாலத்தில், ஈரம் படிந்த படியில் எனக்கு முன்னால் ஒரு கிழவி கால் வைத்தபோது நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போய் அவரது முழங்கையைத் தாங்கியது.

அவர் கையை உதறிய வேகத்தில் நான்தான் விழப் பார்த்தேன். ஊதாப் பஞ்சுச் சட்டை, ஆண்பிள்ளை வெட்டு வெட்டிய நரைத்தலை, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. அவர் பேசியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் திட்டு எந்த மொழியிலும் திட்டுத்தான்.

"என்ன அப்பா செய்யிறியள்? அவ உங்களைக் கள்ளன் எண்டு நினைக்கிறா." ஆரணி ஓடிவந்து, இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து குனிந்து ஏதோ விளக்கினாள். கிழவியின் முகம் மெல்ல மாறியது. என்னை மேலும் கீழும் பார்த்து ஒன்று கேட்டார்.

"உங்கடை வேலையைச் சொன்னன்," என்றாள் ஆரணி. "இத்தாலியிலை வயதுபோனவைக்குப் பிள்ளையள் இல்லையோ எண்டு கேக்கிறா."

"இருக்கினம், மிலானோவிலை இருக்கினம் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். கிழவி வாய்விட்டுச் சிரித்தார். தன் மகன் தூரத்திலுள்ள ஷென்ஜென் நகரத்தில் என்றார். உன் பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்டார். நான் ஆரணியைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி இன்னும் அதிகமாகச் சிரித்தார். இந்தத் தடவை என் கையை அவர் பிடித்தார். வா, ஒன்று காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனார்.

5

மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கயிறு முழுக்கக் காகிதம் தொங்கவிட்டிருந்தார்கள். செடிகளிலும், விரித்து வைத்த குடைகளிலும் காகிதம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாய் அல்லது தகப்பன். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. என்ன இது என்று ஆரணி சொல்லத் தொடங்கினாள். எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"கலியாணச் சந்தை," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"அந்த முகங்களைப் பார்."

கிழவி உறையிலிருந்து தன் காகிதத்தை எடுத்துக் கயிற்றில் கவ்வியால் மாட்டினார். மகனுக்கு முப்பத்தொன்பது வயது. தன் விபரம் இங்கே தொங்குவது அவனுக்குத் தெரியாது. ஆரணி படித்துச் சொன்னாள். பிறந்த வருடம், உயரம், படிப்பு, வேலை, சொந்த வீடு. கடைசி வரியில், எந்த நகரத்தில் குடிப்பதிவு.

"அது முக்கியமோ?"

"அதுதான் அப்பா முக்கியம். குடும்பத்துக்கு ஒரு பதிவுப் புத்தகம் இருக்கும், அது எந்த ஊரிலை பதிஞ்சிருக்கோ அங்கைதான் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம். எங்கடை ஆக்கள் கலியாண விளம்பரத்திலை கனடா பி.ஆர். எண்டு போடுற மாதிரி."

கிழவியின் கண் இப்போது ஆரணி மேல் இருந்தது. வயது என்ன, உயரம் என்ன, சுற்றி ஒருதரம் நில்.

"'கறுப்புத்தான், ஆனா நெடுவல், பல்லு வடிவு' எண்டுறா," என்று ஆரணி சிரிப்பை அடக்கமுடியாமல் மொழிபெயர்த்தாள்.

"எங்கடை சனம் மாதிரியே கதைக்கிறாவே."

"வீட்டிலை எத்தினை பேர் எண்டும் கேட்டிட்டா."

பிறகு ஒரு கேள்வி. ஆரணி பதில் சொன்னாள். கிழவி திருப்பிக் கேட்டார். ஆரணி நீண்டதாகச் சொன்னாள். கிழவி என்னைப் பார்த்தார். சிரிப்பு இல்லை. ஒரே ஒரு வசனம் சொன்னார். ஆரணி அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு பிள்ளை."

அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்ரை பதிவு எங்கை எண்டு கேட்டா. இலங்கைப் பாஸ்போட் எண்டன். தகப்பன் இத்தாலி எண்டியே எண்டா. எனக்கு மட்டும் கிடைக்கேல்லை எண்டன். 'பிள்ளையின்ரை பேர் தகப்பன்ரை புத்தகத்திலை அல்லோ இருக்கும், அப்ப அந்தாள் புத்தகத்தை வைச்சு என்ன செய்துகொண்டிருந்தவர்' எண்டு கேக்கிறா."

6

அந்தக் கயிற்றின் கீழே நின்றுதான் சொன்னேன்.

"உனக்கு அஞ்சு வயசிலை நாங்கள் பரிஸுக்குப் போனம். லீவுக்கு இல்லை. ஒரேயடியாப் போனனாங்கள். பெரியப்பா வரச்சொன்னவர், வேலை இருக்கெண்டவர். பலெர்மோவிலை எனக்கு வேலை போயிருந்தது. மொண்டெல்லோக் கடற்கரையிலை கோடை முடிய எல்லாம் பூட்டிப்போட்டாங்கள். வீட்டுக்காரன் சொன்னான், போறதெண்டா பதிவை வெட்டிவிட்டுப் போ, புது ஆக்கள் வரவேணும் எண்டு. நான் கொமூனேக்குப் போய், நாட்டை விட்டுப் போறம் எண்டு எழுதி, நாலு பேரில்லை, அப்ப மூண்டு பேர்தான், மூண்டு பேரின்ரை பேரையும் நானே வெட்டிக் கையெழுத்து வைச்சன். சந்தோசமா வைச்சன். இந்த ஊருக்கு இனி வாறேல்லை எண்டு நினைச்சன்."

ஆரணி கயிற்றில் ஆடிய ஒரு காகிதத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

"பரிஸிலை எங்களுக்குப் பேப்பர் இல்லை. வேலையும் சரிவரேல்லை. ஏழு மாதத்திலை திரும்பி வந்தம். குடியுரிமைக்குப் பத்து வருசம் இடைவெளியில்லாமல் வதிவிடப் பதிவு இருக்கவேணும். நான் வெட்டினபடியாலை திரும்பவும் ஒண்டிலையிருந்து எண்ணத் தொடங்கினது. வெட்டாமல் இருந்தா உனக்குப் பதினாலு வயசிலை கிடைச்சிருக்கும்."

அவள் கோபப்பட்டால் இத்தாலிய மொழிக்குப் போவாள். கோபம் முற்றினால் சிசிலிய வழக்குக்கு. அன்று தமிழிலேயே நின்றாள். எனக்குப் பயம் வந்தது.

"பரிஸிலை ஸ்நோ பெய்தது," என்றாள். "நான் வகுப்பிலை எழுதினனான். லீவுக்குப் பரிஸ் போனது எண்டு. மயெஸ்திரா எல்லாரையும் கைதட்டச் சொன்னவ."

"ஓம்."

"ஏழு மாத லீவு."

"ஓம்."

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"உனக்குப் பதினெட்டு முடிஞ்ச அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். நீ ரோமைத் திட்டிக்கொண்டு இருந்தாய். நானும் சேர்ந்து திட்டினன். சேர்ந்து திட்டேக்கை சுகமா இருந்தது."

இதை எழுதும்போதும் கை கூசுகிறது. நாடுகளின் மேல் பழி போடுவது எங்களுக்கு எவ்வளவு இலகுவாக வந்துவிட்டது. போட்ட பழிகளில் முக்கால்வாசி நியாயமானவை. மிச்சக் கால்வாசியை அதற்குள் ஒளித்துவைத்துவிடலாம். நானும் ஒளித்தேன், மகளின் கோபத்துக்குள். அவள் ஒரு அட்டைக்குப் பின்னால் ஓடிய எல்லா வருடமும், வரிசையில் நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

கிழவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, ஆரணியின் கையில் தட்டி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"சண்டையை வீட்டிலை போய்ப் பிடியுங்கோவாம். நல்ல குடும்பங்கள் பாத்துக்கொண்டு நிக்குதாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆரணி அவருக்குத் தலைகுனிந்து விடைசொல்லிவிட்டு முன்னே நடந்தாள். நான் பத்தடி பின்னால் போனேன். அன்று பின்னேரம்வரை அவள் என்னைக் கைவிடவுமில்லை, என்னோடு கதைக்கவுமில்லை. ஒரு கோவிலுக்குக் கூட்டிப்போனாள். ஊதுபத்திக் கட்டை எப்படிப் பிடிப்பது என்று கையால் காட்டினாள். எத்தனை தரம் குனிவது என்று விரலால் காட்டினாள். மூன்று. நான் மூன்று தரம் குனிந்தேன். எந்தத் தெய்வம் என்று கேட்கவில்லை. பலெர்மோவில் பெல்லெக்ரீனோ மலையேறி, கிறிஸ்தவப் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைக்கும்போதும் நாங்கள் அதிகம் விசாரிப்பதில்லை.

7

திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் இடம் கிடைத்தது. நான்கைந்து நிலையம் கழிந்திருக்கும்.

"பரீட்சை வெள்ளிக்கிழமை முடியுது," என்றாள், எதிர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு.

நான் மனதுக்குள் நாளை எண்ணினேன்.

"சனிக்கிழமை வெளிக்கிடலாம். பத்து நாள் நிப்பன். பிறகு திரும்பி இஞ்சை வந்திடுவன். அடுத்த வருசம் கூப்பிடக்கூடாது. வாறதெண்டா நானா வருவன்."

"ஓம்."

"மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காதைங்கோ."

"இல்லை."

இன்னொரு நிலையம். சனம் இறங்கியது, ஏறியது. நின்றவர்கள் எல்லாரும் கைபேசியில் முகம் புதைத்திருந்தார்கள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ, நீங்கள் கையெழுத்து வைச்சது?"

"கொம்மாதான் பேனை தந்தவ."

அவள் உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கியது. சிரிப்பு எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த பெண் ஒரு கடதாசிக் கைக்குட்டையை எடுத்து, கேட்காமலே அவள் மடியில் வைத்தாள்.

8

ரோமில் இறங்கியது முந்நூற்று முப்பத்தெட்டாம் நாள். கடவுச்சீட்டுச் சோதனைக்கு வழி இரண்டாகப் பிரிகிறது. ஐரோப்பியர்களுக்கு வலப்பக்கம்; இயந்திரத்தில் புத்தகத்தை வைத்தால் கதவு திறக்கும். மற்ற எல்லோருக்கும் இடப்பக்கம். அங்கே மூன்று விமானத்தின் சனம், பாம்பாக வளைந்து வளைந்து நின்றது.

"அப்பா, நீங்கள் அங்காலை போய்ப் பெட்டியை எடுங்கோ. நான் வர ஒரு மணித்தியாலம் செல்லும்."

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"விசரே உங்களுக்கு? அங்கை ஒருத்தரும் இல்லை."

"நிக்கிறன்."

அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தோம். ஒரு குழந்தை அழுதது. ஒரு கிழவர் தன் பத்திரங்களை மறுபடி மறுபடி எண்ணினார். பாதி வழியில் ஆரணி தன் தோள்பையைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம் அதிகாரி. அவளுடைய கார்த்தாவைத் திருப்பிப் பார்த்தார். கடவுச்சீட்டின் பக்கங்களைப் புரட்டி, சீன முத்திரைகளின் நாளை விரல்விட்டு எண்ணினார். எங்கே இருந்தாய், ஏன் இவ்வளவு காலம் என்று கேட்டார். படிப்பு என்றாள். எங்கே வசிக்கிறாய் என்றார்.

அவள் வாய் திறக்கச் சற்றுத் தாமதித்தாள். அந்தக் கணத்தில் அவள் எந்த ஊரைச் சொன்னாலும் சரி என்றுதான் நான் நின்றேன். "பலெர்மோ," என்றாள். அவள் அதைச் சொன்ன சிசிலிய இழுப்பில் அதிகாரியின் முகம் தளர்ந்தது. போகலாம் என்றார்.

அடுத்தது நான். என் புத்தகத்தின் நிறத்தைப் பார்த்ததும் அவர் அதைத் திறக்கவே இல்லை.

"நீங்கள் பிழையான வரிசையில் நின்றிருக்கிறீர்கள். அந்தப் பக்கமாகப் போயிருக்கலாமே."

"தெரியும்," என்றேன்.